தொண்ணூற்றெட்டிலும் ஆசிரியை

கோவில்பட்டிக் கரிசலில், பொழுதெல்லாம் குனிந்து பருத்தி எடுத்த மூதாட்டியரை நாம் அறிவோம். அந்த முதுகுகளின் வலிமைக்குச் சரித்திரத்தில் ஏடில்லை. ஆகவே, கோவை நானம்மாள் அம்மையாரை நினைக்கும்போது நமக்கு வியப்போடு ஏக்கமும் பிறக்கிறது.

1920இல் பொள்ளாச்சிப் பக்கம் ஜமீன் காளியாபுரத்தில் பிறந்தவர். தந்தையாரிடம் சிறுவயதிலேயே யோகாசனம் பயின்றார். ஐந்து மக்களை வளர்த்தெடுத்த நாளிலும் அதைக் கைவிட்டாரில்லை. மக்களும் பேரர்களும் அவர்வழி கற்று ஆசிரியராயினர். குடும்பமே பள்ளியாயிற்று என்றால் மிகையன்று. தொண்ணூறு கடந்தும் மாணவர் முன்னே தாமே உடலை வளைத்துக் காட்டினார். 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்றபோது வயது 98! புகழ் இவ்வளவு தாமதித்தா வரவேண்டும்? மறு ஆண்டு அக்டோபரில் மறைந்தார்.

அவருக்கேனும் பெயர் நிலைத்தது. நம் இல்லத்து நன்னிமார் எந்த வயது வரை காட்டுக்கு நடந்தார்கள், எவ்வளவு பருத்தி சுமந்தார்கள் என்று நாம் கேட்டு வைத்தோமா?