அலையில் பிறந்த கம்பி

வீட்டு ரவுட்டரிலிருந்து மேசைக் கணினிவரை ஓடுகிற லேன் கேபிளுக்குப் பூர்வீகம் பசிபிக் கடலின் நடுவே இருக்கிறது. கம்பியே இல்லாத ஒரு ரேடியோ ஏற்பாட்டிலிருந்துதான் அது பிறந்தது.

ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் வளாகங்கள் பல தீவுகளில் பிரிந்து கிடந்தன. பெரிய கணினி இருந்ததோ ஓவாஹு தீவில். மற்ற தீவுக்காரர்கள் அதைப் பயன்படுத்தத் தொலைபேசி இணைப்பை நம்ப வேண்டும். அதற்குச் செலவும் அதிகம், இரைச்சலும் அதிகம். கடலலைச் சறுக்கில் கொண்ட ஆசையால் அந்த ஊருக்குக் குடிவந்த பேராசிரியர் நார்மன் ஆப்ராம்சன், தம் குழுவினரோடு ரேடியோ வழியைத் தேர்ந்தெடுத்தார். 1971 ஜூனில் அலோஹாநெட் இயங்கத் தொடங்கியது.

அதன் விதியை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். எல்லாருக்கும் ஒரே அலைவரிசை; யாருக்கும் முறை கிடையாது, அனுப்ப வேண்டியது இருந்தால் அனுப்பலாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அனுப்பினால் இரண்டும் மோதிக் கெட்டுவிடும், கிடைத்ததாகப் பதில் வராது. வராவிட்டால் கொஞ்சம் பொறுத்து மறுபடி அனுப்ப வேண்டியதுதான். எவ்வளவு பொறுப்பது என்பது ஒவ்வொருவருக்கும் தற்செயலாக அமைய வேண்டும். இல்லையென்றால் அதே இருவர் அடுத்த முறையும் மோதிக்கொள்வார்கள். இப்படி ஓடும் அலைவரிசையில் கொள்ளளவின் 18 சதவீதம்தான் அதிகபட்சம் பயன்படும் என்று கணக்குச் சொன்னது. மீதி வீண்.

அந்த விரயத்தைப் பார்த்து ஒதுக்காமல் படித்தவர் பாப் மெட்கால்ஃப். ஹார்வர்டில் அவருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டை ஏற்காமல் திருப்பியிருந்தார்கள். 1972இல் ஆப்ராம்சனின் கட்டுரை அவர் கைக்கு வந்தது. பதில் வராவிட்டாலும் மக்கள் நிறுத்தாமல் தட்டிக்கொண்டே இருப்பார்கள் என்று அந்தக் கணக்கு வைத்துக்கொண்டிருந்தது. நிஜத்தில் யாரும் அப்படிச் செய்வதில்லை, காத்திருப்பார்கள். இதைச் சரிசெய்து எழுதிய பகுதியைச் சேர்த்துத்தான் அவர் பட்டத்தை வாங்கினார்.

அந்தச் சமயத்தில் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் இருந்த ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அங்கே ஆளுக்கொரு கணினி என்ற புதிய எண்ணத்தில் ஆல்டோ என்ற இயந்திரத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கூடவே, வினாடிக்கு ஒரு பக்கம் அச்சிடும் லேசர் அச்சுப்பொறியும் தயாராகி வந்தது. அங்குலத்துக்கு 500 புள்ளி என்றால் ஒரு முழுப் பக்கத்துக்கு 2 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள். கட்டடத்திலுள்ள ஆல்டோக்கள் எல்லாம் இந்த ஒரே அச்சுப்பொறிக்குப் பக்கங்களை அனுப்ப வேண்டும். அன்று முனையங்களுக்குப் போட்டிருந்த வினாடிக்கு 300 பிட் இணைப்பில் ஒரு பக்கம் போய்ச்சேர ஏறக்குறைய ஒரு நாள் ஆகிவிடும்.

1973 மே 22 அன்று மெட்கால்ஃப் ஓர் உள்சுற்றுக் குறிப்பு எழுதினார். ஈதர்நெட் என்ற பெயர் வந்தது அதில்தான். ஒரே கோஆக்சியல் கேபிள் கட்டடம் முழுக்க ஓடட்டும், எல்லாக் கணினியும் அதில் தொற்றிக்கொள்ளட்டும் என்பது யோசனை. ஆனால் இந்த ஏற்பாடு கோஆக்சியலுக்கு மட்டும்தான் என்று அவர் கட்டிப்போடவில்லை. ரேடியோ, தொலைபேசிக் கம்பி எதுவானாலும் செல்லும் என்று இடம் வைத்தார். பின்னால் நடந்ததையெல்லாம் பார்க்கும்போது, அந்தத் தாளில் மிகத் தொலைநோக்கானது அதுதான் என்று நினைக்கிறேன்.

ஹவாயின் விதியோடு இரண்டு பழக்கங்கள் சேர்ந்தன. அனுப்புவதற்கு முன் கம்பியில் வேறு யாராவது பேசுகிறார்களா என்று கேட்க வேண்டும். அனுப்பும்போதும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். திண்ணையில் நாலு பேர் பேசும்போது இருவர் ஒரே நேரத்தில் வாயெடுத்தால் இருவரும் சட்டென்று நிறுத்துவார்கள், பிறகு ஒருவர் தொடங்குவார். அதேதான் இங்கும். மோதல் தெரிந்த மாத்திரத்தில் நிறுத்திவிடுவதால் வீணாவது பெரிதும் குறைந்தது. டேவிட் பாக்ஸ் என்ற மாணவர் மெட்கால்ஃபோடு சேர்ந்தார். அமெச்சூர் ரேடியோவில் ஊறியவர், சாலிடரிங் கைவந்தவர். இருவரும் சேர்ந்து கட்டிய வலை 1973 நவம்பரில் வேலை செய்தது. வேகம் வினாடிக்கு 29.4 லட்சம் பிட். ஆல்டோவின் கடிகாரத் துடிப்பை அப்படியே எடுத்துக்கொண்டதால் வந்த எண் அது.

ஜெராக்ஸ் இதைத் தன் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். 1980இல் டிஜிட்டல், இன்டெல் நிறுவனங்களோடு சேர்ந்து 10 மெகாபிட் ஈதர்நெட்டின் விவரக்குறிப்பை வெளியிட்டது. காப்புரிமைகளுக்கான உரிமத்தை 1,000 டாலருக்கு யாருக்கும் கொடுத்தது. 1983இல் அது ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் தரமானது. எதிரே ஐபிஎம் 1985இல் டோக்கன் ரிங்கைக் கொண்டுவந்தது. அதில் மோதலே இல்லை, ஒவ்வொருவருக்கும் முறை உண்டு. காகிதத்தில் அது ஒழுங்கானதுதான், ஆனால் விலை அதிகம். பலரும் போட்டி போட்டுச் செய்ததால் ஈதர்நெட் கார்டு மலிந்துகொண்டே வந்தது.

ஆனால் கேபிள் இன்னும் வீட்டுக்கு ஆகாததாகவே இருந்தது. முதலில் வந்தது விரல் பருமன். பிறகு மெல்லியது வந்தாலும் ஓரிடத்தில் இணைப்பு கழன்றால் வரிசை முழுக்கச் செத்துவிடும். எது கழன்றது என்று மேசைக்கு மேசை குனிந்து தேட வேண்டும்.

விடிவு பழைய தொலைபேசிக் கம்பியில் கிடைத்தது. இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி ஓடவிடும் முறைக்கு 1881லேயே அலெக்சாண்டர் கிரகாம் பெல் காப்புரிமை வாங்கியிருந்தார். ஒரு கம்பியில் போகும் சமிக்ஞை மற்றதில் தலைகீழாகப் போகும். வெளியிலிருந்து வரும் இரைச்சல், முறுக்கின் காரணமாக இரண்டிலும் ஏறக்குறைய சமமாக விழும். மறுமுனை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால் இரைச்சல் கழிந்துபோகும். அமெரிக்க அலுவலகச் சுவர்களுக்குள் இந்தக் கம்பி ஏற்கெனவே கிடந்தது. ஜெராக்ஸ் மையத்திலிருந்து வெளியேறிய இருவர் 1985இல் தொடங்கிய சினாப்டிக்ஸ் நிறுவனம் அதில் 10 மெகாபிட்டை ஓட்டிக் காட்டியது. 1990இல் 10பேஸ்-டி என்ற தரம் வந்தது. ஒவ்வொரு கணினிக்கும் தனிக் கம்பி, நடுவில் ஒரு பெட்டி. ஒன்று அறுந்தால் அந்த ஒன்றுதான் போகும்.

அந்தப் பழைய உறவின் தழும்பை இன்றும் பிளாஸ்டிக் பிளக்கில் பார்க்கலாம். கிரிம்ப் செய்பவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடியை மட்டும் பிரித்து நடுவே நீலத்தைச் செருகியது ஏன் என்று புதிதாகச் செய்யும் எல்லாருக்கும் தோன்றும். தொலைபேசி இணைப்பு நடுவிலுள்ள 4, 5 ஊசிகளில் வரும் வழக்கம். அதைத் தொடாமல் விட்டுச் சுற்றிவர வேண்டியிருந்தது. தொலைபேசிக்கு ஒதுக்கிய இடம் நிலைத்துவிட்டது.

அதே 1990இல் நடுப்பெட்டியும் மாறியது. கல்பனா என்ற நிறுவனம் முதல் ஈதர்நெட் ஸ்விட்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான வினோத் பரத்வாஜ் தம் மனைவியின் பெயரை அதற்கு வைத்திருந்தார். வந்ததை எல்லாருக்கும் ஒலிபரப்பாமல், யாருக்கோ அவருக்கு மட்டும் அனுப்பும் பெட்டி அது. போக ஒரு ஜோடி, வர ஒரு ஜோடி என்று ஆனபின் மோதுவதற்கு ஆளே இல்லை. மோதலைச் சமாளிக்கத்தான் ஈதர்நெட் பிறந்தது. இன்று வீட்டில் கிடக்கும் கேபிளில் மோதலே நடப்பதில்லை. வைஃபையில் வீட்டிலுள்ள அத்தனை கருவிகளும் ஒரே காற்றைப் பங்கிட்டுக்கொண்டு முறைக்குக் காத்திருக்கின்றன. கேபிளில் அந்தக் காத்திருப்பு கிடையாது. வீடு கட்டும்போதே சுவருக்குள் பைப் விட்டுக் கேபிள் இழுத்துவிடுங்கள் என்று கேட்பவர்களிடமெல்லாம் நான் சொல்வது இதனால்தான்.

1999இல் வந்த கிகாபிட் தரம், 100 மீட்டர் வரை, நான்கு ஜோடிகளையும் இரு திசையிலும் ஒரே நேரத்தில் பயன்படுத்துகிறது. அதற்கு முன் வேலையில்லாமல் கிடந்த நீலமும் பழுப்பும் இப்போது சுமக்கின்றன. ஆகவே 1,000 மெகாபிட் காட்ட வேண்டிய இணைப்பு 100 காட்டினால், ரவுட்டரைக் குறை சொல்வதற்கு முன் பிளக்கைப் பாருங்கள். அந்த இரண்டு ஜோடிகளில் ஒரு கம்பி சரியாகக் கடிபடாமல் இருக்கலாம். நுனியை வெட்டி, முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காமல், மறுபடி கிரிம்ப் செய்யுங்கள்.