சிறுமனையும் தன்னிறைவும்: புதுவை நகர வீடுகள் உரைக்கும் வரலாறு

நகரத்தின் நெருக்கத்தில், குறைந்த இடத்தில், குறைந்த பொருட்செலவில், காற்றையும் ஒளியையும் நீரையும் இயற்கையினின்றே பெற்று வாழத்தக்க சிறுவீடுகளை அமைப்பது எங்ஙனம்? இவ்வினா இன்று உலகெங்கும் எழுந்துள்ளது. இதனை மேலைநாட்டிலிருந்து வந்த புதுக்கருத்து எனக் கருதுவோர் பலர். புதுவை நகரின் தெருக்களைக் கூர்ந்து நோக்குவார்க்கோ, இது பன்னெடுங்காலமாக இங்கே விடை தேடப்பட்டுவரும் வினா என்பது புலனாகும். அவ்விடைகளுள் மூன்றினை எடுத்துக்கொண்டு, அவை ஒருமித்து உரைக்கும் உண்மை யாது எனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மனையும் தெருவும்

1693 முதல் 1699 வரை புதுவை டச்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. அக்காலத்தில் அவர்கள் வரைந்த நேர்க்கோட்டுத் தெரு அமைப்பே பின்னர்ப் பிரெஞ்சுக்காரர் வளர்த்த நகருக்கு அடிப்படையாயிற்று. 1761இல் ஆங்கிலேயர் நகரைக் கைப்பற்றி இடித்துத் தரைமட்டமாக்கினர். 1765ஆம் ஆண்டிற்குப் பின் நகர் மீண்டும் எழுந்தபொழுதும் பழைய தெருக்கோடுகளே பின்பற்றப்பட்டன. வாய்க்காலுக்குக் கிழக்கே, கடலை ஒட்டி, உயர்ந்த மதிலும் தோட்டமும் சூழ்ந்த பிரெஞ்சு மாளிகைகள்; மேற்கே, சுவரோடு சுவர் ஒட்டிய தமிழர் வீடுகள்.

இத்தமிழர் வீடுகளின் மனைகள் முகப்பில் குறுகி உள்ளே நீண்டவை. இருபுறமும் அண்டை வீட்டுச் சுவர். சாளரம் வைக்க வழியில்லை. ஆயினும் இக்குறையே நிறைவாக மாற்றப்பட்டது. பக்கச் சுவர்கள் ஒன்றையொன்று ஒட்டி நின்றமையால் வெயில் அவற்றைச் சுடவில்லை. வீட்டின் நடுவே வான் நோக்கித் திறந்த முற்றம் ஒளியைத் தந்தது. வெப்பமுற்ற காற்று முற்றத்தின் வழியே மேலெழ, தெருவின் காற்று திண்ணையையும் ரேழியையும் கடந்து உள்ளே புகுந்தது. ஓட்டுச் சரிவுகளில் வழிந்த மழைநீர் முற்றத்து அண்டாக்களில் நிரம்பியது. கொல்லைக் கிணறு ஆண்டு முழுதும் கைகொடுத்தது. செங்கல்லும் சுண்ணாம்பும் மரமும் அன்றி வேறு பொருள் பெரிதும் வேண்டப்படவில்லை. துபாசி ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை கீழ்த்தளத்தில் தமிழ் மரபும் மேல்தளத்தில் பிரெஞ்சு மரபும் இணைந்து நிற்பது. அம்மாளிகைக்கும் சிறுவீட்டிற்கும் அளவில் வேறுபாடு உண்டேயன்றி இலக்கணத்தில் வேறுபாடு இல்லை.

இங்குக் கருதத்தக்கது மற்றொன்று உண்டு. தெருவை நோக்கிய திண்ணையும், அதன் முன் மரத்தூண்கள் தாங்கிய தாழ்வாரமும் வீட்டார்க்கு மட்டும் உரியவை அல்ல. வழிநடப்போர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குவதற்கு அவை உதவின. இடம் குறைந்த மனையிலேயே ஒரு பகுதி ஊருக்கென விடப்பட்டது.

எனினும் பழமையைப் போற்றுவதற்காக அதன் குறையை மறைத்தல் வரலாறு ஆகாது. தெருக்கள் சாதிவழியே பகுக்கப்பட்டிருந்தமையை வைசியாள் வீதி, வெள்ளாளர் வீதி என்னும் பெயர்களே காட்டும். திண்ணையின் நிழல் எல்லார்க்கும் ஒப்ப வாய்த்ததில்லை. முற்றத்துக் காற்று கூடத்திற்குக் கிட்டியது. புகை சூழ்ந்த பின்கட்டு அடுக்களையே பெண்களின் உலகமாயிற்று. பழைய வீட்டின் அறிவைக் கொள்வோர் அதன் அநீதியைத் தள்ளியே கொள்ளுதல் வேண்டும்.

காற்றின் வழி

சாளரத்தைக் 'காலதர்', அஃதாவது காற்றின் வழி, எனச் சுட்டியது சிலப்பதிகாரம். அச்சொல்லின் பொருளை இருபதாம் நூற்றாண்டில் மெய்ப்பித்த கட்டடம் புதுவையில் உண்டு. அஃது அரவிந்தர் ஆசிரமத்தின் 'கோல்கொண்டா' உறைவிடம். பொகீமியாவில் பிறந்து ஜப்பானில் பணியாற்றிய கட்டடக் கலைஞர் அந்தோனின் ரேமண்ட் இதனை வடிவமைத்தார். ஜார்ஜ் நகாஷிமாவும் செக் நாட்டவரான பிராந்திசேக் சாம்மரும் உடனிருந்து உழைத்தனர். ஐதராபாத் நிசாமின் அமைச்சராயிருந்த சர் அக்பர் ஐதரியின் முயற்சியால் பொருளுதவி கிட்டியமையால் இப்பெயர் அமைந்தது. 1937இல் தொடங்கிய பணி, போர்க்காலத் தடைகளைக் கடந்து 1940களில் நிறைவுற்றது.

இதன் அறைகள் சிறியவை. ஒருவர் தங்குவதற்கு வேண்டுவன மட்டும் உள்ளவை. வடக்கிலும் தெற்கிலும் சுவருக்கு மாற்றாக, விரும்பியவாறு திறந்து மூடத்தக்க கிடைப்பலகைகள் அமைந்தன. அறைக்கும் நடைக்கும் இடையிலுள்ள தேக்குக் கதவுகள் பார்வையை மறைத்துக் காற்றை மட்டும் விடுகின்றன. கூரையின்மேல் வளைந்த கற்காரை ஓடுகள் இடைவெளி விட்டு அமைக்கப்பட்டமையால் வெயிலின் கடுமை உள்ளே இறங்குவதில்லை. கிடைப்பலகைகள் அக்காலத்து ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டால் ஆனவை. அப்பொருள் உடலுக்குக் கேடு விளைப்பது என இன்று அறியப்பட்டுள்ளமையால், இங்கிருந்து கொள்ளத்தக்கது பொருளன்று, முறையே. அரசமாளிகைக்கு நிழல் பார்த்துத் திசை குறித்ததைப் பாடுவது நெடுநல்வாடை. அந்நுட்பம் இங்கே ஓர் எளிய தனியறைக்கும் வாய்த்தது.

மண்ணின் வழி

மூன்றாவது விடை மண்ணிலிருந்து வந்தது. 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுவையில் கோல்டன் பிரிட்ஜ் மட்கலக் கூடத்தை நிறுவினர். மீக்கர் 1980களில் ஒரு துணிவான சோதனையில் இறங்கினார். சுடாத செங்கல்லால் வீட்டைக் கட்டி, அதனுள் சுடவேண்டிய செங்கற்களையும் ஓடுகளையும் அடுக்கி, வீட்டையே சூளையாக்கி எரியூட்டுவது அம்முறை. வீடும் வெந்து உறுதிபெறும். உள்ளிருந்த பொருள்களும் விலைபோகும். எரிபொருளும் உழைப்பும் மிகுதியாக வேண்டப்பட்டமையால் அம்முறை பரவலாகவில்லை. புதுவையை அடுத்த ஆரோவில்லிலோ, சிறிதளவு சிமெண்டு கலந்த மண்ணை அழுத்திச் செய்யும் சுடாத கற்கள் வழக்கிற்கு வந்தன. அங்குள்ள மண்கட்டடக் கழகம் 1989 முதல் இத்துறையில் பயிற்சி அளித்துவருகிறது.

மூன்றின் ஒருமை

இம்மூன்று விடைகளையும் ஒருங்கு வைத்து நோக்கினால் ஓர் உண்மை தெளிவாகும். தன்னிறைவு என்பது தனித்திருத்தல் அன்று. தமிழர் வீடு அண்டை வீட்டின் சுவரைத் துணைக்கொண்டே குளிர்ந்தது. கோல்கொண்டாவின் சிறிய அறை, உணவும் பணியும் பொதுவாயிருந்த ஒரு வாழ்வின் பகுதியாதலால் போதுமானதாயிற்று. காலடி மண்ணைக் கல்லாக்கும் முறையும் கூட்டுழைப்பையும் பயிற்சியையும் நாடி நிற்பது. தேவை சுருங்கி, பகிர்வு விரிந்தவிடத்தே சிறுமனை நிறைமனையாகும். பகிர்வை நீக்கி அளவை மட்டும் சுருக்கினால் எஞ்சுவது, இயந்திரக் குளிரை நம்பி மூடிக்கிடக்கும் அறையே.

1990களின் நடுவில் மரபுரிமைக் கட்டடங்களைக் கணக்கெடுத்த 'இன்டாக்' அமைப்பின் பட்டியலில் இருந்த வீடுகள் பல, அதன் பின்னர் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகளாயின. இடிந்ததோடு முற்றமும் திண்ணையும் போயின. ஆயினும் மீட்சிக்கும் சான்று உண்டு. 2002 முதல் 2004 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் வைசியாள் வீதி வீடுகளின் முகப்புகள் வீட்டாரின் ஒத்துழைப்போடு செப்பனிடப்பட்டன. அப்பணிக்கு 2008இல் யுனெஸ்கோ விருதும் கிட்டியது.

பாரதியார் பத்தாண்டுகள் உறைந்ததும் பாரதிதாசன் பிறந்து வளர்ந்ததும் இத்தகைய தெருக்களிலேயே. கவிஞர்க்கும் கேட்போர்க்கும் மேடையாகப் பயன்பட்ட திண்ணை, சொல்லளவில் மட்டும் எஞ்சுதல் ஆகாது. இனி எழும் சிறுவீடுகள் எத்துணைச் சிறியவாயினும் காற்றுக்கு ஒரு வழியும், மழைநீருக்கு ஒரு தொட்டியும், சாதியும் பாலும் நோக்காது எவரும் அமரத்தக்க ஒரு திண்ணையும் உடையனவாக எழுதல் வேண்டும். புதுவையின் வரலாறு வருங்காலத்திற்கு வரைந்து தந்துள்ள மனையிலக்கணம் அதுவே.