வின்செஸ்டர் மாடல் 70

வின்செஸ்டர் மாடல் 70 என்பது ஐக்கிய அமெரிக்காவில் 1936 ஆம் ஆண்டு அறிமுகமான வேட்டை ரைபிள் வகையாகும். கையால் இயக்கும் போல்ட் உடைய இது, உயர்தர வேட்டைத் துப்பாக்கிக்கு நெடுங்காலம் அளவுகோலாகக் கருதப்பட்டது. 1964 இல் உற்பத்திச் செலவைக் குறைக்க இதன் வடிவமைப்பு மாற்றப்பட்டபோது தரம் குறித்துப் பெரும் சர்ச்சை எழுந்தது. '64க்கு முந்தியது' என்னும் அடைமொழி துப்பாக்கிச் சந்தையில் இன்றும் விலையை உயர்த்துகிறது.

முந்தைய வடிவம்

இது 1925 இல் வெளிவந்த மாடல் 54 இன் வழிவந்தது. அதற்கும் மூலம் ஜெர்மனியின் மவுசர் 98 ஆகும். போல்ட்டின் பக்கவாட்டில் அமைந்த நீண்ட கொக்கி, தோட்டா மேலெழும்போதே அதன் அடிவிளிம்பைப் பற்றிக்கொள்ளும். வேட்டைக்காரர் பதற்றத்தில் போல்ட்டைப் பாதி தள்ளிப் பின்னிழுத்தாலும் அத்தோட்டா கூடவே திரும்பி வந்துவிடும். பாய்ந்து வரும் விலங்கின் எதிரில் இது உயிர் காக்கும் வசதி. ஜாக் ஓ'கானர் முதலிய வேட்டை எழுத்தாளர்கள் இத்துப்பாக்கியின் புகழைப் பரப்பினர்.

1964 மாற்றங்கள்

எஃகைக் கடைந்து பாகங்களை உருவாக்கும் முறைக்குத் தேர்ந்த தொழிலாளரின் உழைப்பு மிகுதியாகத் தேவைப்பட்டது. 1962 இல் வந்த ரெமிங்டன் 700 விலை குறைந்த வலுவான போட்டியாக அமைந்தது. எனவே வின்செஸ்டர் நீண்ட கொக்கியை நீக்கிச் சிறிய கொக்கியைப் பொருத்தியது. புதிய அமைப்பில் தோட்டா பிடிப்பின்றி முன்னே தள்ளப்படும். போல்ட் முழுதும் மூடும்போதே கொக்கி அதைப் பற்றும். பாதியில் பின்னிழுத்தால் தோட்டா வெடியறையிலேயே தங்கிவிட, அடுத்த தோட்டா அதன் பின்னே முட்டிச் சிக்கக்கூடும். பிடிக்கட்டையில் செதுக்கு வேலைக்குப் பதிலாக அச்சால் அழுத்திய கோலம் இடம்பெற்றது. குழலுக்கும் கட்டைக்கும் நடுவே கண்ணை உறுத்தும் இடைவெளி தெரிந்தது.

துல்லியம் பற்றி

வெளித்தோற்றம் மலிவானதால் குறிபார்க்கும் திறனும் கெட்டுவிட்டது எனப் பலர் முடிவுசெய்தனர். இது முற்றிலும் சரியன்று. பழைய வகையில் குழல் ஒரு திருகாணியால் முன்கட்டையுடன் பிணைக்கப்பட்டிருந்தது. மரம் ஈரத்தில் ஊதினாலோ வெயிலில் சுருங்கினாலோ குழலின் மீதுள்ள அழுத்தம் மாறி, குண்டு படும் இடம் விலகும். கட்டையைத் தொடாமல் நிற்கும் குழலுக்கு இத்தொல்லை குறைவு. அதாவது, வாங்குவோர் வெறுத்த அந்த இடைவெளி துல்லியத்துக்கு உதவக்கூடியதே. தோட்டாவின் அடிப்பகுதியைச் சுற்றி மூடும் புதிய போல்ட், வெற்றுறை கிழிந்து வாயு பின்னடிக்கும் வேளையில் கூடுதல் காப்பும் தந்தது. உண்மையான குறை, ஆட்டங்கண்டு இடையில் சிக்கும் போல்ட்டில் இருந்தது. அது 1968 இல் சீர்செய்யப்பட்டது.

பிற்கால நிலை

1990களின் தொடக்கத்தில் நீண்ட கொக்கி 'கிளாசிக்' என்ற பெயரில் திரும்பியது. நியூ ஹேவன் தொழிற்சாலை 2006 இல் மூடப்பட்டது. 2008 இல் தென் கரோலினா மாநிலக் கொலம்பியாவில் உற்பத்தி மீண்டும் தொடங்கியபோதும் அதே கொக்கியே பொருத்தப்பட்டது. பழையன யாவும் ஒரே தரமுடையவை அல்ல; 1960களின் தொடக்கத்தில் உருவான பலவற்றில் வேலைப்பாடு ஏற்கெனவே தளர்ந்திருந்தது என்பது சேகரிப்பாளர் பலரின் கருத்து.