கென்னடி போன கார்

1963 நவம்பரில் எனக்கு 11 வயது. கென்னடி சுடப்பட்ட செய்தியை அப்பா பேப்பரைப் பார்த்து உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். என் கண் என்னவோ படத்தில் இருந்த அந்த நீளமான திறந்த கார் மேல்தான். சிறுபிள்ளை புத்தி. பல வருடம் கழித்து, மிச்சிகனில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது, டியர்பார்ன் ஊரில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் அதே காரின் முன் நின்றேன். 1961 லிங்கன் கான்டினென்டல்.

அந்தக் கார் பிறந்ததே ஒரு கதை. 1950களின் கடைசியில் அமெரிக்க சொகுசுக் கார் என்றாலே பின்னால் மீன் துடுப்பு மாதிரி சிறகு, உடம்பெல்லாம் குரோமியப் பளபளப்பு. காடிலாக் அதில் முன்னோடி. அதற்குப் போட்டியாக ஃபோர்டு கம்பெனி 1958-ல் விட்ட லிங்கன் 19 அடி நீளம்! ஆனால் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. லிங்கனையே நிறுத்திவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்கு நஷ்டம்.

அப்போது ஃபோர்டில் உயர் பதவியில் இருந்தவர் ராபர்ட் மெக்னமாரா. கணக்கில் புலி, ஆடம்பரம் பிடிக்காதவர். எல்வுட் எங்கல் என்ற வடிவமைப்பாளர் தண்டர்பேர்டு காருக்காகச் செய்து வைத்திருந்த மாதிரி அவர் கண்ணில் பட்டது. அதையே நாலு கதவு வைத்து லிங்கன் ஆக்கச் சொன்னார்.

புதிய கார் முந்தையதைவிட ஏறக்குறைய 15 அங்குலம் குறைவு. சிறகு போய், முன்னிருந்து பின்வரை ஒரே நேர்க்கோடு. பின் சீட்டிலிருந்து இறங்கும்போது கதவில் கால் இடித்ததாம். அதனால் பின்கதவின் கீலைப் பின்பக்கம் வைத்தார்கள். இரண்டு கதவும் பீரோக் கதவு போல எதிரெதிராகத் திறக்கும். திறந்த மாடலில் சுவிட்சைத் தட்டினால் கூரை முழுவதும் மடிந்து டிக்கிக்குள் போய்விடும். பெட்டி வைக்கத்தான் இடம் இருக்காது! ஒவ்வொரு காரையும் 12 மைல் ஓட்டிப் பார்த்தே வெளியே அனுப்பினார்கள். 2 வருடம் அல்லது 24,000 மைல் உத்தரவாதம். லிங்கன் பிழைத்தது.

1961 ஜனவரியில் மெக்னமாரா கென்னடியின் பாதுகாப்பு அமைச்சரானார். அவர் காப்பாற்றிய காரே ஜனாதிபதிக்கும் வந்தது. அதை நடுவில் வெட்டி நீளமாக்கினார்கள். ஜனங்கள் பார்க்க வசதியாகப் பின் சீட்டை 10 அங்குலத்துக்கு மேல் உயர்த்தலாம். கழற்றி மாட்டக்கூடிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கூரையும் உண்டு. அது குண்டு தாங்காது. டாலஸில் அன்று அதையும் மாட்டவில்லை.

அதன் பிறகும் காரைத் தூக்கிப் போடவில்லை. கவசமும் நிரந்தரக் கூரையும் போட்டு, கருநீலமாக இருந்ததைப் பின்னால் கறுப்பாக்கி, 1977 வரை ஓட்டினார்கள். நான் பார்த்தது அந்த மூடிய கறுப்புக் காரை. பேப்பரில் பார்த்த திறந்த கார் அதற்குள் எங்கோ இருந்தது. அப்பா படித்த குரல் காதில் கேட்டது. பேரன் கையைப் பிடித்து இழுக்கும்வரை அங்கேயே நின்றிருந்தேன்.