வெண்மணியின் காரணம்: குற்றத்தைப் புனைவாக்கும் இரு நாவல்கள்

உண்மையில் நடந்த படுகொலையை நாவலாக்குபவர் எதையெல்லாம் மாற்றலாம்? பெயரையும் ஊரையும் மாற்றினால் யாருக்கும் நட்டமில்லை. காரணத்தை மாற்றினால் இறந்தவர்களுக்கு அநீதி நேர்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். 1968 டிசம்பர் 25 இரவு நாகப்பட்டினம் அருகே கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அதன் பின்னணி கூலித் தகராறு: அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட தலித் உழவுத் தொழிலாளர்கள், செங்கொடிச் சங்கம், அதை எதிர்த்து மிராசுதார்கள் அமைத்த நெல் உற்பத்தியாளர் சங்கம். நாகப்பட்டினம் நீதிமன்றம் 1970இல் மிராசுதார்களுக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. உயர் நீதிமன்றமோ, காரும் நிலமும் உள்ளவர்கள் தாமே நடந்துவந்து தீ வைத்திருப்பார்கள் என நம்ப இயலாது என்று அவர்களை விடுவித்தது. அந்தத் தீர்ப்பும் ஒருவகைப் புனைவுதான்.

இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' (1975) இந்நிகழ்வை அடிப்படையாகக் கொண்ட நாவல்; சாகித்திய அகாதமி விருது பெற்றது. அதில் வரும் கண்ணையா நாயுடுவின் கொடூரத்துக்கு வேர் அவருடைய ஆண்மைக் குறை. அது அதிகாரத்தின் வெறுமையைச் சுட்டும் உருவகம், நாவல் ஆவணமல்ல என்று வாதிடலாம். உருவகம் என்றே கொள்வோம். ஆனாலும் ஒரு சங்கமாகத் திரண்டு நடத்திய வன்முறை அங்கே ஒருவருடைய நோயாகச் சுருங்கிவிடுகிறது. நோயாளிமேல் வாசகர் இரக்கமும் கொள்ளலாம். கூலிக் கணக்கு மறைந்துபோகும். மீனா கந்தசாமி ஆங்கிலத்தில் எழுதி, 'குறத்தியம்மன்' எனத் தமிழுக்கு வந்த நாவல் (மூலம் 2014) வேறு வழியில் செல்கிறது. மிராசுதார் சங்கத் தலைவரின் மனுவில் தொடங்கி, துண்டறிக்கை, பிணங்களின் பட்டியல் என நகர்கிறது. கதைசொல்லி தன் உரிமையையே கேள்வி கேட்கிறாள். அவளுடைய சாமர்த்தியம் சில பக்கங்களில் துயரத்தை முந்திக்கொள்கிறது என்ற குறை நியாயமானதே. காரணத்தை மட்டும் அவள் விட்டுக்கொடுப்பதில்லை.

இது மலேசியாவின் பேராக் மாநில வாசகருக்கு அயல்நாட்டுச் சிக்கல் அன்று. நம் முன்னோர் பலர் கப்பலேறியது அதே நாகப்பட்டினத்தில்தான். பேராக்கின் சுங்கை சிப்புட்டில் 1948 ஜூன் 16 அன்று மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைகள் கொல்லப்பட்டதை மலாயா அவசரகால வரலாறுகள் பெயர் சொல்லி எழுதுகின்றன. அதற்கு முந்தைய மாதங்களில் தோட்டங்களில் நடந்த கூலிப் போராட்டங்கள் அவற்றில் பெரும்பாலும் முன்னுரையோடு நின்றுவிடுகின்றன. துரைகளின் சாவைச் சொல்லக் கூடாதென்பதில்லை, கொலை கொலைதான். ஆனால் கொலையாளியின் கொள்கைவெறி ஒன்றையே காரணமாக நிறுத்தும் கதை, 'குருதிப்புனல்' செய்ததையே வேறு திசையில் செய்கிறது. காரணத்தைச் சொல்வது கொலையை நியாயப்படுத்தும் என்பார்கள். விளக்குவதும் மன்னிப்பதும் ஒன்றல்ல. வெண்மணியின் காரணத்தை அறிந்த எவரும் அக்கொலைகாரர்களை மன்னித்ததாகத் தெரியவில்லை. 1948ஐ நாவலாக்க எண்ணும் மலேசியத் தமிழ் எழுத்தாளர், கொலையாளியின் மனத்துக்குள் நுழையும் முன் அந்த ஆண்டுத் தோட்டச் சம்பளக் கணக்கைத் தேடிப் படிக்க வேண்டும்.