செடி நீள்வது எப்படி? 140 வருடத் தேடல்

ஜன்னல் ஓரம் வைத்த செடி வெளிச்சம் வரும் பக்கமாகச் சாய்வதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். நிழல் பக்கத்துச் செல்கள் வெளிச்சப் பக்கத்துச் செல்களைவிட அதிகமாக நீள்வதால்தான் தண்டு சாய்கிறது. சரி, ஒரு செல் எப்படி நீள்கிறது? சின்னக் கேள்விதான். விடை கிடைக்கத்தான் இவ்வளவு காலம் ஆனது!

நுனியிலிருந்து வந்த செய்தி

1880-ல் சார்லஸ் டார்வினும் அவருடைய மகன் பிரான்சிஸும் ஒரு வகைப் புல்லின் முளைகளை வைத்துச் சோதனை செய்தார்கள். முளையின் நுனியை மூடிவிட்டால் அது வளையவே இல்லை. ஆனால் வளைய வேண்டிய இடம் நுனிக்குக் கீழே இருக்கிறது! ஆகவே நுனியிலிருந்து ஏதோ ஒரு செய்தி கீழே இறங்குகிறது என்ற முடிவுக்கு வந்தார்கள்.

1926-ல் ஹாலந்தின் உட்ரெக்ட் நகரில் ஃபிரிட்ஸ் வென்ட் அந்தச் செய்தியைப் பிடித்தார். ஓட்ஸ் முளையின் நுனிகளை வெட்டி அகார் துண்டின் மேல் வைத்தார். பிறகு அந்த அகாரை மட்டும் எடுத்து, நுனியில்லாத முளையின் ஒரு ஓரத்தில் வைத்தார். இருட்டிலேயே முளை வளைந்தது! அகாரில் இறங்கியிருந்த அந்தப் பொருளுக்கு ஆக்சின் என்று பெயர் வந்தது.

பானர் கண்டதும் விட்டதும்

தாவரச் செல்லைச் சுற்றி செல்லுலோஸால் ஆன கெட்டியான சுவர் உண்டு. உள்ளே இருக்கும் தண்ணீர் அந்தச் சுவரை எந்நேரமும் அழுத்திக்கொண்டிருக்கிறது. இந்த அழுத்தம் பெரும்பாலும் கார் டயரில் இருப்பதைவிட அதிகம். சுவர் கொஞ்சம் தளர்ந்தால் போதும், செல் தானாக நீண்டுவிடும். ஆனால் ஆக்சின் அந்தச் சுவரை எப்படித் தளர்த்துகிறது?

1934-ல் அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் பானர், ஓட்ஸ் முளைகளை அமிலக் கரைசலில் போட்டால் அவை வேகமாக வளர்வதைக் கண்டார். விடை கையில் இருந்தது! ஆனால் அமிலம் ஆக்சினையே செயல்படும் வடிவத்துக்கு மாற்றுகிறது என்று அவர் விளக்கம் சொன்னார். அமிலமே சுவரைத் தளர்த்தலாம் என்ற எண்ணம் வலுப்பெற இன்னும் 36 வருடங்கள் ஆயின.

புரோட்டான் பம்பு

செல் சவ்வு வெறும் பை அல்ல, அது அயனிகளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கடத்தும் என்ற பார்வை 1960-களில் பரவியது. 1961-ல் பீட்டர் மிட்செல், சவ்வுக்கு இருபுறமும் உள்ள புரோட்டான் வேறுபாட்டில்தான் செல்லின் சக்தி சேமிக்கப்படுகிறது என்றார். முதலில் பலர் இதை ஏற்கவில்லை. 1978-ல் அதற்கே நோபல் பரிசு கிடைத்தது.

1970-ல் டேவிட் ரேலும் ராபர்ட் கிளிலேண்டும் அமிலம் சுவரைத் தளர்த்தி முளையை நீள வைப்பதைக் காட்டினார்கள். 1971-ல் ஜெர்மனியின் ஆஹிம் ஹாகர் முழுப் படத்தையும் வரைந்தார். ஆக்சின் செல் சவ்வில் உள்ள பம்பை முடுக்குகிறது. பம்பு ஏ.டி.பி. சக்தியைச் செலவழித்து புரோட்டான்களை வெளியே தள்ளுகிறது. சுவர் புளிப்பாகிறது, தளர்கிறது.

அதே பம்பு இன்னொரு வேலையும் செய்கிறது. நேர்மின் புரோட்டான்கள் வெளியேறுவதால் செல்லின் உட்புறம் எதிர்மின்னாகிறது. அதனால் பொட்டாசியம் அயனிகள் உள்ளே இழுக்கப்படுகின்றன. அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் நுழைகிறது. செல் நீண்டபோதும் அழுத்தம் குறையாமல் இருப்பது இதனால்தான்.

சந்தேகமும் சாட்சியும்

ஆக்சின் கொடுத்தால் முளையிலிருந்து உண்மையிலேயே அமிலம் வெளிவருகிறதா? மேல்தோலின் மெழுகுப் பூச்சு அளவிட விடாமல் தடுத்தது. 1973-ல் கிளிலேண்ட் அந்தத் தோலை உரித்துவிட்டு அளந்தார். புரோட்டான்கள் வெளிவந்தன!

ஆனாலும் 1985-ல் ஜெர்மனியின் குட்செராவும் ஷாப்ஃபரும் இந்தக் கொள்கைக்கு எதிராகச் சான்றுகளை வெளியிட்டார்கள். விவாதம் சூடானது. சுவரைத் தளர்த்துவது எது என்று யாராலும் கைகாட்ட முடியவில்லை என்பதும் பெரிய குறைதான்.

1992-ல் டேனியல் காஸ்குரோவின் குழு அந்தக் குறையைத் தீர்த்தது. வெள்ளரி நாற்றின் தண்டுச் சுவரைச் சூடாக்கினால் அது அமிலத்திலும் நீளவில்லை. நாற்றிலிருந்து பிரித்தெடுத்த புரதத்தைச் சேர்த்ததும் மறுபடி நீண்டது! அந்தப் புரதங்களே எக்ஸ்பான்சின்கள்.

கடைசிக் கண்ணி 2021-ல் கிடைத்தது. செல்லின் மேற்பரப்பில் உள்ள டி.எம்.கே. புரதங்கள் ஆக்சின் செய்தியை அந்தப் பம்புக்குக் கடத்துகின்றன என்று நேச்சர் இதழில் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. ஆனால் வேரில் கதை வேறு! அங்கே ஆக்சின் இதே பம்பைத் தூண்டினாலும், செல்லுக்குள் நடக்கும் இன்னொரு செய்தித்தொடர் சுவரின் புளிப்பைக் குறைத்துவிடுகிறது. தண்டை நீட்டும் அதே ஆக்சின் வேரின் வளர்ச்சியை மட்டுப்படுத்துவது அதனால்தான்.

1934-ல் பானர் பார்த்தது தவறல்ல. அதைப் புரிந்துகொள்ளத் தேவையான பம்பைத்தான் அன்று யாரும் அறிந்திருக்கவில்லை.