விண்கப்பல் ஏறிய குழந்தைகள்: ஒரு கற்பனைத் தொடரின் வரலாறு



சில ஆண்டுகளுக்கு முன்பு, ஐந்தாம் ஆண்டு மாணவர்களை ‘என் எதிர்கால ஆசை’ எனும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்தேன். மருத்துவர், வழக்கறிஞர், ஆசிரியர், காவல் அதிகாரி என வழக்கமான கட்டுரைகளே வந்தன. ஒரு மாணவி மட்டும், தான் விண்கப்பல் ஒன்றின் தலைவியாகி, வேற்றுலகத்தாருடன் போர் செய்யாமல் பேசிப் பழகப் போவதாக எழுதியிருந்தாள். ‘நடைமுறைக்கு ஏற்றதை எழுதுக’ என்று சிவப்பு மையால் குறிப்பெழுதித் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் அவள் மருத்துவராகப் போவதாக எழுதி வந்தாள். அதில் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால், முதற் கட்டுரையில் இருந்த உயிரும் இல்லை.

அந்தச் சிவப்புக் குறிப்பு என்னை நெடுநாள் உறுத்தியது. கற்பனைக் கதைகள் குழந்தைகளின் காலத்தை வீணாக்குகின்றன என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நானும் அவ்வாறே எண்ணியவன்தான். அந்த எண்ணத்தை மாற்றியது, அமெரிக்காவில் தோன்றிய ‘ஸ்டார் டிரெக்’ எனும் அறிவியல் புனைகதைத் தொடரின் வரலாறு. அத்தொடரின் கதையை நான் இங்கே சொல்லப் போவதில்லை. அதைப் பார்த்து வளர்ந்தவர்களின் கதையையே சொல்ல விழைகிறேன்.

தொடர் பிறந்த காலம்

ஸ்டார் டிரெக் 1966ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் ஒளியேறியது. அதைப் படைத்தவர் ஜீன் ரோடன்பெர்ரி. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். பின்னர்ப் பயணிகள் விமானியாகவும் லாஸ் ஏஞ்சலிஸ் நகரக் காவலராகவும் பணியாற்றி, அதன் பிறகே முழுநேர எழுத்தாளரானவர்.

அன்றைய அமெரிக்காவை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். நிறவேற்றுமையைத் தடைசெய்யும் குடியுரிமைச் சட்டம் 1964இல்தான் நிறைவேறியது. சட்டம் வந்தாலும் மனங்கள் மாறவில்லை. சோவியத் ஒன்றியத்துடன் பனிப்போர். வியட்நாமில் மெய்யான போர். இத்தகைய சூழலில், கறுப்பினப் பெண் ஒருவரும் ஆசியர் ஒருவரும் வெள்ளையருடன் ஒரே தளத்தில் அதிகாரிகளாக அமர்ந்து பணியாற்றும் ‘எண்டர்பிரைஸ்’ எனும் விண்கப்பல் வீட்டுத் திரையில் தோன்றியது. அடுத்த ஆண்டே இரஷ்யர் ஒருவரும் அக்குழுவில் சேர்க்கப்பட்டார். பகை நாட்டவன் எனப் பேசப்பட்டவன் கதையில் தோழனாக அமர்ந்தான்.

கப்பலைச் செலுத்தும் அதிகாரியின் பெயர் சுலு. இப்பெயருக்கும் நம் நாட்டிற்கும் தொடர்புண்டு. அந்த அதிகாரி எந்த ஓர் ஆசிய நாட்டிற்கும் மட்டும் உரியவராகத் தோன்றக் கூடாதென எண்ணிய ரோடன்பெர்ரி, நிலப்படத்தில் சுலு கடலைக் கண்டு அப்பெயரைச் சூட்டினார். கடல்நீர் எல்லாக் கரைகளையும் தொடுமல்லவா என்பது அவர் கருத்து. அந்தச் சுலு கடல்தான் நம் சபா மாநிலத்தின் வடகிழக்குக் கரையைத் தழுவிக் கிடக்கிறது.

அப்பாத்திரத்தில் நடித்த ஜார்ஜ் டக்கே ஜப்பானிய வழிவந்த அமெரிக்கர். 1942இல், ஐந்து வயதுச் சிறுவனாக இருந்தபோது, குற்றமேதும் செய்யாத அவருடைய குடும்பம் இனத்தின் காரணமாகவே தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டது. முள்வேலிக்குள் பள்ளி சென்ற அச்சிறுவன், வளர்ந்து அதே நாட்டின் திரையில் விண்கப்பலைச் செலுத்தினான்.

விலக எண்ணிய நடிகை

தகவல் தொடர்பு அதிகாரி உஹூராவாக நடித்தவர் நிஷெல் நிக்கல்ஸ். சுவாகிலி மொழியில் விடுதலையைக் குறிக்கும் ‘உஹுரு’ எனும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. பெயர் பெரிதாக இருந்தாலும், அவருக்குக் கிடைத்த உரையாடல்கள் சிறிதாகவே இருந்தன. இசை நாடக மேடைக்குத் திரும்ப எண்ணிய அவர், முதற்பருவம் முடிந்ததும் விலகுவதாக ரோடன்பெர்ரியிடம் தெரிவித்தார்.

அதன்பின் நிகழ்ந்ததை நிக்கல்ஸ் பல நேர்காணல்களில் கூறியுள்ளார். அந்த வார இறுதியில் நிதி திரட்டும் நிகழ்ச்சியொன்றில், இரசிகர் ஒருவர் சந்திக்க விரும்புவதாகச் சொன்னார்களாம். திரும்பிப் பார்த்தால் நின்றவர் டாக்டர் மார்ட்டின் லூதர் கிங்! தம் பிள்ளைகளை இரவில் விழித்திருந்து பார்க்க அனுமதிக்கும் நிகழ்ச்சி அது ஒன்றே என்றும், கறுப்பினத்தவரை உலகம் முதன்முறையாகச் சமமானவராகக் காண்கிறது என்றும், ஆகவே விலகக் கூடாதென்றும் அவர் வலியுறுத்தினாராம். நிக்கல்ஸ் விலகவில்லை.

கிங் பேசியது நடிப்பின் சிறப்பைப் பற்றியன்று. திரையின் முன்னே அமர்ந்திருக்கும் குழந்தைகளைப் பற்றியே அவர் பேசினார். பெற்றோரும் ஆசிரியரும் இதைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

இரசிகர்கள் காத்த தொடர்

இரண்டாம் பருவத்தோடு தொடர் நிறுத்தப்படும் எனும் செய்தி பரவியபோது, ஜான் டிரிம்பிள், பீஜோ டிரிம்பிள் எனும் கலிபோர்னியத் தம்பதியர் கடித இயக்கமொன்றைத் தொடங்கினர். கணினித் தொடர்பு இல்லாத காலம். ஒவ்வொருவரும் தாம் எழுதுவதோடு பத்துப் பேரையும் எழுதத் தூண்ட வேண்டும் என்பதே அவர்கள் கையாண்ட எளிய வழி. ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட கடிதங்கள் குவிந்தன. 1968 மார்ச் மாதத்தில், தொடர் நீடிக்கும் என நிறுவனம் தொலைக்காட்சியிலேயே அறிவிக்க நேர்ந்தது.

ஆயினும், மூன்றாம் பருவத்திற்கு ஒதுக்கப்பட்டது வெள்ளிக்கிழமை இரவு 10 மணி. 1969 ஜூன் மாதத்தில், 79 பகுதிகளோடு தொடர் முடிவுற்றது. முடிந்த பிறகுதான் அதன் புகழ் ஓங்கியது. 1970களில் வட்டார நிலையங்கள் மாலை நேரங்களில் அதை மீண்டும் மீண்டும் ஒளிபரப்ப, பள்ளி முடிந்து வீடு திரும்பிய புதிய தலைமுறை அதைக் கண்டது. 1972 ஜனவரியில் நியூயார்க்கில் நடந்த இரசிகர் மாநாட்டிற்குச் சில நூறு பேரை எதிர்பார்த்தனர். வந்தோர் 3,000க்கும் மேல். இரசிகர்கள் தாமே இதழ் நடத்தினர், கதை எழுதினர். அவர்களுள் பெண்கள் மிகப் பலர்.

1976இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா தன் முதல் விண்ணோடத்திற்கு ‘கான்ஸ்டிடியூஷன்’ எனப் பெயரிட இருந்தது. மீண்டும் கடிதங்கள் குவிந்தன. அவ்விண்ணோடம் ‘எண்டர்பிரைஸ்’ என்ற பெயருடன் அவ்வாண்டு செப்டம்பரில் வெளிவந்தது. அது சோதனைகளுக்காகக் கட்டப்பட்டது, விண்வெளிக்குச் செல்லவில்லை. ஆனால், கற்பனைக் கப்பலின் பெயர் மெய்யான விண்ணோடத்தின் மேனியில் பொறிக்கப்பட்டது.

நூலகத்தில் அமர்ந்த சிறுவன்

இவ்வரலாற்றில் என் நெஞ்சை மிகவும் தொட்டவர் ரானல்ட் மெக்நேர். 1950இல் தென் கரோலினா மாநிலத்தின் லேக் சிட்டி எனும் சிற்றூரில் பிறந்தவர். ஒன்பது வயதில் ஊர் நூலகத்திற்குச் சென்று அறிவியல் நூல்களைக் கேட்டார். கறுப்பினத்தவருக்கு இங்கு நூல் தருவதில்லை என்றார் நூலகர். சிறுவன் நகரவில்லை, முகப்பு மேசை மீதே ஏறி அமர்ந்துகொண்டான். காவலர்கள் அழைக்கப்பட்டனர், தாயும் வந்தார். இறுதியில் நூல்களோடுதான் அவன் வீடு திரும்பினான்.

ஸ்டார் டிரெக் தொடங்கியபோது அவருக்கு வயது 15. அவருடைய அண்ணன் கார்ல் மெக்நேர் அக்காலத்தை நினைவுகூர்ந்துள்ளார். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து பணியாற்றும் அக்காட்சி தமக்கு நடவாத கற்பனையாகவே தோன்றியதாம். தம்பிக்கோ அது நடக்கக் கூடிய அறிவியலாகத் தோன்றியதாம். ஒரே வீடு, ஒரே தொலைக்காட்சி, ஒரே காட்சி. ஒருவர் அதைக் கதையாகப் பார்த்தார். மற்றவர் வழியாகப் பார்த்தார்.

மெக்நேர் இயற்பியல் பயின்று, 1976இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1978இல் நாசாவின் விண்வெளி வீரராகத் தேர்வு பெற்றார். அத்தேர்வுக்கு முந்திய ஆண்டில், பெண்களையும் சிறுபான்மையினரையும் விண்ணப்பிக்கத் தூண்டும் பணியை நாசா யாரிடம் ஒப்படைத்தது தெரியுமா? உஹூராவாக நடித்த அதே நிஷெல் நிக்கல்ஸிடம்! 8,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களிலிருந்து தேர்வான 35 பேரில் அறுவர் பெண்கள், மூவர் கறுப்பினத்தவர், ஒருவர் ஆசிய வழியினர். இது அவருடைய பரப்புரையால் மட்டும் நிகழ்ந்ததென்றால் மிகையாகிவிடும். சட்டமும் போராட்டமும் கதவைத் திறந்தன. திறந்த கதவு தமக்கும் உரியதே எனும் துணிவைப் பலருக்குத் தந்ததில் அவருக்குப் பங்குண்டு.

மெக்நேர் 1984இல் விண்வெளி சென்று திரும்பினார். 1986 ஜனவரி 28ஆம் நாள், சேலஞ்சர் விண்ணோடம் புறப்பட்ட 73 நொடிகளில் சிதைந்தபோது மறைந்த எழுவரில் அவரும் ஒருவர். பள்ளி ஆசிரியை கிறிஸ்டா மெக்காலிஃப் மற்றொருவர். அவ்வாண்டு வெளிவந்த ஸ்டார் டிரெக் திரைப்படம் அவர்களுக்கே காணிக்கையாக்கப்பட்டது. அன்று நூல் தர மறுத்த நூலகக் கட்டடம் இன்று மெக்நேரின் பெயர் தாங்கிய நினைவகமாக விளங்குகிறது.

தொடர்ந்து வந்தவர்கள்

சிக்காகோவில் வளர்ந்த மே ஜெமிசன் எனும் சிறுமி, நிலவுக்குச் சென்றோருள் ஒரு பெண்கூட இல்லையே என வருந்தியவள். உஹூராவைத் திரையில் கண்டு ஊக்கம் பெற்றாள். மருத்துவராகி, 1992 செப்டம்பர் 12ஆம் நாள் எண்டெவர் விண்ணோடத்தில் பறந்து, விண்வெளி சென்ற முதல் கறுப்பினப் பெண்மணி எனும் சிறப்பைப் பெற்றார். பறக்கும்போது, உஹூரா வழக்கமாகச் சொல்லும் அறிவிப்போடு தம் பணிநேரத்தைத் தொடங்கினார். மறு ஆண்டு அத்தொடரின் வழிவந்த புதிய ஸ்டார் டிரெக் தொடரொன்றில் ஒரு சிறு வேடத்திலும் தோன்றினார்.

எல்லா இரசிகர்களும் விண்வெளிக்குச் சென்றுவிடவில்லை. பொறியாளர் ஸ்காட்டியாக நடித்த ஜேம்ஸ் டூஹன் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியுள்ளார். வாழ்வில் நம்பிக்கை இழந்த இளம்பெண் ஒருவரின் கடிதம் அவருக்கு வந்தது. உடனே தொலைபேசியில் அழைத்துப் பேசி, அடுத்த மாநாட்டிற்கு வரச் சொன்னார். அதற்கடுத்த மாநாட்டிற்கும் அழைத்தார். அவ்வாறே தொடர்ந்தது. பின்னர்ச் சில ஆண்டுகள் தொடர்பில்லை. ஒருநாள் அப்பெண்ணிடமிருந்து கடிதம் வந்தது: மின்னணுப் பொறியியலில் முதுகலைப் பட்டம் பெற்றுவிட்டாராம்.

குறைகளும் உண்டு

இத்தொடரைக் குறையற்றதென நான் சொல்லவில்லை. ரோடன்பெர்ரி எடுத்த முதல் மாதிரிப் படத்தில் கப்பலின் துணைத் தலைவர் ஒரு பெண். ஒளிபரப்பான தொடரில் அப்பாத்திரம் இல்லை. பெண் அதிகாரிகளுக்குக் குட்டைப் பாவாடையே சீருடை. 1969இல் ஒளியேறிய இறுதிப் பகுதியோ, பெண்கள் கப்பல் தலைமைக்கு வர இயலாது எனும் பொருள்படவே அமைந்திருந்தது. சமத்துவம் பேசிய தொடரே பாதி வழியில் நின்றுவிட்டது.

அந்த மீதி வழியையும் கேட்டவர்கள் இரசிகர்களே. தொடர் கற்றுக்கொடுத்த அளவுகோலைக் கொண்டே தொடரை அளந்தார்கள். 1993இல் கறுப்பினத் தலைவர் ஒருவரை மையமாகக் கொண்ட தொடரும், 1995இல் கேத்ரின் ஜேன்வே எனும் பெண் கப்பல் தலைவியை மையமாகக் கொண்ட ‘வாயேஜர்’ தொடரும் வந்தன. முதல் தொடருக்கும் இப்பெண் தலைவிக்கும் இடையில் 29 ஆண்டுகள்!

இத்தாலிய விண்வெளி வீராங்கனை சமந்தா கிறிஸ்டோஃபொரெட்டி ஸ்டார் டிரெக் இரசிகை. 2015இல் அனைத்துலக விண்வெளி நிலையத்தில் அத்தொடரின் சீருடையை அணிந்து படம் எடுத்துக்கொண்டார். 2022 செப்டம்பரில் அந்நிலையத்தின் தலைமைப் பொறுப்பையே ஏற்றார். அங்கே அமெரிக்கரும் இரஷ்யரும் ஐரோப்பியரும் ஒன்றாகப் பணியாற்றினர்.

இதைப் படித்தபோது எனக்கு என் மாணவியின் கட்டுரை நினைவுக்கு வந்தது. விண்கலத்திற்குத் தலைவி, பல நாட்டவர், சண்டையில்லாத பேச்சு. நடைமுறைக்கு ஒவ்வாதது என நான் திருத்திய ஒவ்வொரு வரியும் உலகில் எங்கோ நடந்துகொண்டிருந்தது. நடைமுறை அறியாதவன் நானே.

நாம் செய்ய வேண்டியது

ஒரு கதை தானாக எவரையும் உயர்த்திவிடாது. மெக்நேருக்கு நூலகத்தில் துணை நின்ற தாய் இருந்தார். கிங்கின் பிள்ளைகள் பெற்றோரின் அனுமதியோடு அத்தொடரைக் கண்டனர். கதை ஓர் இருக்கையைக் காட்டுகிறது. ‘அதில் நீயும் அமரலாம்’ என்று சொல்ல ஒரு பெரியவர் தேவைப்படுகிறார்.

ஆதலால், பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ஒரு கதையிலோ தொடரிலோ மூழ்கியிருந்தால், உடனே அணைத்துவிடாதீர்கள். அருகில் அமர்ந்து, அதில் யாரைப் பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று கேளுங்கள். அந்த ‘ஏன்’ எனும் கேள்விக்கு வரும் விடையில் பிள்ளையின் மனம் தெரியும். ஆசிரிய நண்பர்களே, கட்டுரையில் எழுத்துப்பிழையைத் திருத்துவோம். கனவைத் திருத்த வேண்டாம்.

அம்மாணவி இப்போது இடைநிலைப்பள்ளியில் பயில்கிறாள். சென்ற பள்ளி விடுமுறையில் தம்பியை அழைத்துச் செல்ல வந்தவளிடம், அந்தக் கட்டுரையைப் பற்றி என் தவற்றைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, ‘அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன், ஐயா’ என்றாள்.